இறங்காத சர்க்கரை

“நெசமா சொல்லுப்பா. வெளியில எதுனா வாங்கித் தின்னுக்கினு வந்தியா?”

விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைச் சங்கவி தன் தந்தையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். நடராசன் கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எண் தெரியவில்லை என்றார்.

“நான் சொல்றேன். போன வாரத்தவிட ஏறிக்கினு இருக்கு.”

“மிஷினு ரிப்பேரா இருக்கும் பாப்பா.”

“மிஷினு புதுசுப்பா.”

நடராசன் திண்டிவனத்தில் தம் வீட்டு முன்னறையிலேயே தையற்கடை வைத்திருப்பவர். மனைவி இல்லை. வலக்கண்ணின் பார்வையைச் சர்க்கரை நோய் முன்பே கொண்டுபோய்விட்டது. இடக்கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கினால்தான் அறுவை செய்ய முடியும். அதிகம் தள்ளிப்போனால் இந்தக் கண்ணுக்கும் உறுதி சொல்வதற்கில்லை என்று புதுச்சேரி டாக்டர் கூறியிருந்தார். அதைக் கேட்டதும் விழுப்புரத்தில் புகுந்த வீட்டிலிருந்த மகள் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்தவள் முதலில் இட்லிக் குண்டானைக் கழுவிப் பரண்மேல் ஏற்றினாள். பிறகு செல்போனில் தேடிப் பார்த்து, சிறிய ஓவன் ஒன்றை வரவழைத்தாள். அன்றிலிருந்து காலையில் அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை. முட்டைகளை அடித்து, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், மிளகுத்தூள் கலந்து, குழித்தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளுவாள். கீரை சலித்தால் காளான்; காளான் சலித்தால் குடைமிளகாய்.

நடராசன் முரண்டு பிடிக்காமல் சாப்பிட்டார். “பாக்க பன்னு மாதிரி இருக்குது, வாயில வெச்சா ஆம்லெட்டு. இது யார ஏமாத்தப் பண்ணது?” என்று கேலி மட்டும் செய்வார்.

ஓவனுக்குள் பொங்கி எழும் முட்டை, வெளியே எடுத்து வைத்ததும் தானாகவே தணிந்துவிடும். அப்பாவின் சர்க்கரைதான் தணிவதாக இல்லை. குறை முட்டையிலா, மாத்திரையிலா, தன் கைப்பக்குவத்திலா என்று அவள் மருகினாள். வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். வெங்காயத்தைக்கூடக் குறைத்தாள்.

அந்த நினைப்பிலேயே அன்று தட்டை வெளியே இழுத்தபோது பிடிதுணி நழுவியது.

“பாத்து பாப்பா. ஏற்கெனவே ஒரு சூடு வாங்கிக்கினு நிக்கற.”

“அதுவும் இந்த ஓவன் பண்ண வேலதாம்ப்பா,” என்று வளையல்களை மணிக்கட்டின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள் சங்கவி.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். “என்னா சங்கவி, இன்னும் இங்கியேதான் இருக்கியா? மாப்ள அங்க சோத்துக்குப் பேஜாரா நிக்கப்போறாரு.”

நடராசன் முந்திக்கொண்டார். “சுகர் எறங்கட்டும்மா. ஆபரேஷன் முடிஞ்சதும் நானே கூட்டிக்கினு போய் வுட்டுட்டு வர்றேன்.”

வீரம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் நீண்ட நாள் தங்குவதற்குத் தெரு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இரண்டு: பிரசவம், அல்லது பெற்றவரின் நோய். சங்கவியின் கணவன் அரிபிரசாத்தும் போனில் வேறெதையும் கேட்பதில்லை. ஆபரேஷன் எப்போது, அவள் திரும்புவது எப்போது, அவ்வளவுதான்.

பிற்பகலில் நடராசன் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார். அறுந்த கொக்கி ஒன்றைத் தைப்பதற்காகச் சங்கவி தையல் மிஷினின் டிராயரை இழுத்தாள். நூல்கண்டு டப்பா கனத்தது. திறந்தாள். உள்ளே நூல் இல்லை. வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டைகள் இருந்தன.

அவள் அவரை எழுப்பவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவர் விழிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்குத்தான் நான் விடிஞ்சா முட்டையும் கையுமா நிக்கறேனா? இருக்கிற ஒரு கண்ணும் போச்சுன்னா என்னாப்பா பண்ணுவ?”

நடராசன் மறுக்கவில்லை. எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“ஆசப்பட்டுத் தின்னல பாப்பா. மருந்து முழுங்கற மாதிரிதான் முழுங்கனேன்.”

“எதுக்கு?”

“சுகர் எறங்கிட்டா ஆபரேஷன் ஆயிடும். அது ஆயிட்டா உன்ன விழுப்புரத்துக்கு அனுப்பணும்.”

சங்கவியின் வலக்கை தானாகவே இடது மணிக்கட்டை மூடியது.

“ஓவன் சுட்டுடுச்சுன்னு சொன்ன,” என்றார் நடராசன் மெதுவாக. “அந்த ஓவன் வர்றதுக்கு முந்தியே, நீ பஸ்ஸ வுட்டு எறங்கி வந்த அன்னிக்கே, உன் கையில அந்தச் சூடு இருந்துச்சு. அதப் பாக்க எனக்கு இந்த ஒரு கண்ணே போதும்மா.”