வெருளிக்குக் கண்

பூசணிக்காயின் இரண்டாவது கண்ணும் கோணலாகப் போனது.

"இஞ்சருங்கோ, ஒரு கண் வானத்தைப் பாக்குது, மற்றது நிலத்தைப் பாக்குது. பேய் வந்தால் இதைப் பாத்துச் சிரிக்கப்போகுது" என்றாள் அம்மா. தோண்டி எடுத்த சதையைக் கறிக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பென்சிலால் கீறி, அடிமட்டம் வைத்து அளந்து வெட்டியும் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

"எனக்கு உது சரிவராது" என்று கத்தியைத் துடைத்து வைத்தார்.

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய ரொம்சோஸில் அந்த வருடம்தான் ஹலோவீன் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. தங்கை சுஜானியின் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் கீழே கூடி, மாடி மாடியாக ஏறி, மணி அடித்து இனிப்புக் கேட்பதாக ஏற்பாடு.

பேயாகப் போக வெள்ளைத் துணி வேண்டும். உயிரோடு இருக்கிற பிள்ளையை வெள்ளைத் துணியால் மூடமாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டாள்.

அதனால் சுஜானி வெருளி, வயலில் குருவி விரட்ட நிற்கிற வைக்கோல் பொம்மை. உடம்புக்கு அப்பாவின் பழைய சேர்ட். தலைக்கு, அரிசி வந்த சணல் சாக்கு. நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் தையல் வேலை எல்லாம் என்னுடையதுதான். வைக்கோலுக்குப் பதிலாகச் சேர்ட்டின் கை நுனிகளில் மஞ்சள் கம்பளி நூல் வைத்துத் தைத்திருந்தேன்.

கண் வெட்டுவதற்கு முதலே சுஜானி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அம்மாவின் பக்கம் திரும்பி, தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

அம்மாவின் கையிலிருந்த கத்தி விழுந்தது.

"கழட்டு! கழட்டடி அதை!"

எனக்குத் தெரியும். அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஊரில் ஒரு நாள் ஆமி சுற்றி வளைத்து, ஆண்கள் எல்லாரையும் கோயில் வீதியில் வரிசையாக நடக்கவிட்டது. ஜீப்புக்குள் ஒருவன் தலையில் சாக்கோடு இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கமாட்டான். யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தலையாட்டி என்று பெயர்.

அம்மாவின் அண்ணன், குகநேசன் மாமா, ஜீப்புக்கு முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா பார்த்தாள்.

மாமா திரும்பி வரவில்லை.

மாமாவின் கூட்டாளியான அப்பாவை அதற்கு முதல் கிழமையே பிடித்திருந்தார்கள். மாமாவைக் கொண்டுபோன மறுநாள் அப்பாவை விட்டுவிட்டார்கள். கடவுள் ஒருவரையாவது விட்டுவைத்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

இங்கே விறாந்தைச் சுவரில் மாமாவின் படம் இருக்கிறது. பொழுதுபட அதற்கு விளக்குக் கொளுத்துவது அப்பா. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த விளக்கை வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை. இப்படி ஒரு மனிசன் யாருக்குக் கிடைக்கும் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள்.

சுஜானி சாக்கைக் கழற்றிவிட்டு அழுதாள். அம்மா தன் முகத்தையும் அவள் முகத்தையும் ஒரே முந்தானையால் துடைத்தாள்.

"சரி குஞ்சு, போட்டுக்கொண்டு போ. என்ரை முன்னால மட்டும் தலையை ஆட்டாதை." அம்மா திரும்பவும் நறுக்கத் தொடங்கினாள்.

அப்பா பூசணிக்காயின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் சாக்கில் கண் வெட்டினேன். ஒன்று நெற்றிக்குப் போனது, மற்றது கன்னத்துக்கு.

"அக்கா, ஒண்டும் தெரியேல்லை. மூச்சு முட்டுது."

கீழே பிள்ளைகள் சுஜானி, சுஜானி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் சாக்குக்குள்ளேயே விம்மினாள்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து சாக்கை வாங்கினார். கிழியாத பக்கத்தைத் திருப்பினார். பென்சில் எடுக்கவில்லை. அளக்கவில்லை. கத்தரிக்கோலை இரண்டு இடத்தில் வைத்தார்.

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

பிறகு ஓட்டைகளின் உள்விளிம்பை விரலால் தடவித் தடவி, நீட்டிக்கொண்டிருந்த சணல் பிசிறுகளை நறுக்கினார்.

"இது கண்ணுக்குள்ள குத்திக்கொண்டே இருக்கும். கையைக் கட்டியிருந்தால் எடுக்கவும் ஏலாது."

"என்ரை கையை ஆரும் கட்டேல்லையே, அப்பா!" சுஜானி சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. சாக்கை அவள் தலையில் மெதுவாக இறக்கினார்.

"வாயால மூச்சு விடாதை அம்மா. சாக்கு நனைஞ்சு முகத்தில ஒட்டும். மூக்கால, மெல்ல மெல்ல விடு."

பூசணிக்காய் நறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அப்பா அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"இப்ப ஆக்களின்ரை முகம் தெரியுதோ?"

சுஜானி சந்தோசத்தில் அம்மா சொன்னதை மறந்துபோனாள்.

அப்பாவை நேராகப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

அப்பா கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மாடிப்படியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெளியே இருட்டிவிட்டது. அப்பா வழக்கம்போலத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாமாவின் படத்தடிக்குப் போனார். முதல் குச்சி முறிந்தது.

அம்மா எழுந்து போனாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கினாள்.

அன்றைக்கு விளக்கை அம்மா கொளுத்தினாள்.