உச்சித் தட்டு

கொடிமரத்தைச் சாய்த்துப் பட்டறையில் படுக்கவைத்திருந்தார்கள். தச்சர் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எப்போதோ மூடிவிட்ட கடற்படைப் பயிற்சிப் பள்ளியின் மரம் அது. விழா நாளில் பையன்கள் அதில் அடுக்கடுக்காக ஏறி நிற்பார்கள். உச்சியில் ஒரு வட்டத் தட்டு. அதன் மேல் ஒரே ஒருவன் நின்று சல்யூட் அடிப்பான்.

அந்த ஒருவன் தான்தான் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தார் அவள் கணவர்.

கேட்கிறவள் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம். வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது அவள்தான். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

மரத்தைப் பழுதுபார்க்கிறோம், வந்து பாருங்கள் என்று பழைய மாணவர்களை அழைத்திருந்தார்கள். இன்றைக்காவது குட்டு உடையட்டும் என்றுதான் அவளும் கூடக் கிளம்பினாள். வந்த பிறகு, நிஜமாகவே உடைந்துவிட்டால் இந்த மனிதரோடு எப்படி வீடு திரும்புவது என்று பயமாக இருந்தது.

உச்சித் துண்டைத் தனியே கழற்றித் தரையில் நிறுத்தியிருந்தார்கள். முக்காலி உயரம்தான். தட்டின் நடுவே இடிதாங்கிக் கம்பிக்கான துளை இருந்தது, கம்பியைக் காணவில்லை. புதுக் கம்பி எவ்வளவு உயரம் வேண்டும் என்று தச்சர் கேட்டார். ஒருவர் இடுப்பளவு என்றார், இன்னொருவர் மார்பளவு என்றார்.

அவள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டின் மேல் ஏறினார். இல்லாத கம்பியை முழங்கால்களால் இடுக்கிக்கொண்டார்.

"முட்டிக்குக் கொஞ்சம் மேல. கையால பிடிச்சா சல்யூட் எப்படி அடிக்கிறது?"

தச்சர் சிரித்துக்கொண்டே அளவு எடுத்தார்.

அளவு எடுத்து முடித்த பிறகும் அவர் இறங்கவில்லை. முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவள் இறங்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"விசில் அடிக்கலியே," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரோடு கூடப் படித்த ஒருவர் அவளைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார். விசில் ஊதினால்தான் இறங்கலாம், அதுதான் இங்கே சட்டம். அந்த வருஷ விழாவில் பாதியில் மழை பிடித்துக்கொண்டது, இடி மின்னலோடு. விசில் ஊத வேண்டியவரே கூரைக்குக் கீழே ஓடிவிட்டார். மற்ற பையன்களும் சட்டத்தைப் பார்க்காமல் இறங்கி ஓடினார்கள். இவர் மட்டும் அந்தக் கம்பியை இடுக்கிக்கொண்டு மேலேயே நின்றார். மழை விட்டுத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இதை அவர் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. பெருமையை மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அவர் முன்னால் வந்து நின்றாள். இரண்டு விரலை வாயில் வைத்து, பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

அவர் விறைப்பாக அவளுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கினார்.