ஒரே கொடிதான்

“ஏம்மா, அவ்வளவு பெரிய தாவரவியல் பேராசிரியர் எழுதின புத்தகத்தையே தப்புன்னு சொல்றியா?”

தேர்வாளர் கேட்ட தோரணையில் அறையில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு அது. இவர் கையெழுத்துப் போடாவிட்டால் எதிரே நின்ற மாணவியின் ஒன்பது வருட உழைப்பு அம்போதான்.

“புத்தகம் முழுக்க இல்ல சார். இந்த ஒரு கொடி விஷயத்துல மட்டும்.”

“ஒரு கொடியா? அவர் ரெண்டு கொடின்னு எழுதி, ரெண்டுக்கும் பேர் வச்சிருக்கார்.”

“அவர் பார்த்தது சரிதான் சார். கீழ, மரத்தோட ஒட்டிக்கிட்டு உள்ளங்கை அளவு இலை. மேல, முறம் மாதிரி கிழிஞ்சு தொங்குற இலை. யார் பார்த்தாலும் ரெண்டுன்னுதான் சொல்வாங்க. ஆனா அது ஒரே கொடி. வெளிச்சத்தத் தேடி ஏற ஏற, வயசாக ஆக, இலையே மாறிடுது.”

“எத வச்சு சொல்றே?”

“ஒவ்வொரு கணுவுலயும் நூல் கட்டி, தேதி எழுதி வச்சேன்.”

படங்களை மேஜையில் பரப்பினாள். சின்ன இலையிலிருந்து பெரிய இலைவரை, ஒரு கணு விடாமல் நூல் ஏறிக்கொண்டே போனது. தேர்வாளர் அசந்துதான் போனார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“எனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த மனுஷன்மா அவர். ரிடையர் ஆனப்புறம் எங்க இருக்கார்னே தெரியல. இதப் படிச்சா அவர் மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?”

அவள் படங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, இவ்வளவு உயரம் தனியாவா ஏறினே?” என்றார் தேர்வாளர்.

“எங்க மாமனார் ஏணியப் பிடிச்சுப்பார் சார். மழையானாலும் வந்துடுவார். போதும், விட்டுடறேன்னு நான் அழுதப்பகூட, ‘முடிக்காம எறங்காதே’ன்னுட்டார்.”

தேர்வாளரின் குரல் முதல்முறையாக இளகியது. “ஒன்பது வருஷம் மருமகளுக்கு ஏணி பிடிச்சாரா? அந்த மனுஷனை நான் பார்க்கணுமே. வந்திருக்காரா?”

“வராந்தாவுல நிக்கறார். எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டேங்கறார் சார்.”

தேர்வாளரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே நின்றது, அந்தப் புத்தகத்தை எழுதிய அவருடைய வாத்தியார்.

“என் மூஞ்சியப் பார்த்து மார்க் போடாதேப்பா,” என்றார் பெரியவர். “மருமக பாஸா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”