கடைசிக் கண்ணாடிப் பெட்டி

"இந்தப் பலகையில இருக்கிறத எழுதுனது யாரு?"

ராஜ்குமார் கேட்ட வேகத்தில் கூடத்திலிருந்த நாலைந்து பார்வையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மன்னார்குடிப் பக்கத்திலுள்ள அந்தக் கோட்டை அவருடைய பரம்பரை ஆண்ட கோட்டை. இப்போது அருங்காட்சியகம். சென்னையிலிருந்து அதைப் பார்க்கவென்றே வந்திருந்தார். முன்னோர்களின் பல்லக்கு, வாள், பட்டு அங்கி என்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டார். உள்ளே வெள்ளிப் பிடி போட்ட சவுக்கு. 'பண்ணையாட்களை அடிக்கப் பயன்பட்டது' என்றது பலகை.

"நான்தான் சார்," என்றபடி வந்தாள் காப்பாட்சியர் கனிமொழி.

குதிரைச் சவுக்கை வைத்துக் கதை கட்டுகிறீர்களா என்று சீறினார் ராஜ்குமார். தன் அப்பா ஒருவரையும் கை நீட்டி அடித்தவரில்லை. அவர் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் இப்படி ஓர் அவமானமா, உடனே எடுங்கள் என்றார்.

எடுக்க முடியாது என்றாள் அவள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்ததும் அவள் முகம் இறுகியது.

"இதே ஊருதான் சார். எங்க தாத்தா இளையபெருமாள், உங்க பண்ணையில வேலை பார்த்தவரு. முதுகுல தழும்போடதான் செத்தாரு."

"அதானே பார்த்தேன்."

பழி தீர்த்துக்கொள்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். இது எங்கள் வீட்டுப் பொருள், உங்கள் ஆட்களில் எவனோ திருடிக் கொடுத்திருக்கிறான், போலீசில் சொல்லி உன் வேலைக்கே உலை வைக்கிறேன் என்று கத்திக்கொண்டே செல்போனை எடுத்தார்.

"யாரும் திருடல. கொடுத்தவங்க லெட்டரோடதான் கொடுத்தாங்க. பேரை வெளிய சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"பேரில்லாத லெட்டரை நீயே எழுதிக்கலாமே."

அதற்கு மேல் கனிமொழியால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று அலுவலக அறைக்குப் போய் ஒரு கோப்புடன் திரும்பினாள்.

"படிச்சிட்டு அப்புறம் போலீசைக் கூப்பிடுங்க."

வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தார் ராஜ்குமார். கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்து. திருச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலமெல்லாம் வாரம் தவறாமல் அவருக்கு வந்த அம்மாவின் எழுத்து.

'என் கணவரின் சவுக்கை ஒப்படைக்கிறேன். பண்ணையாட்களை அடித்தது என்று தயங்காமல் எழுதி வையுங்கள். நான் கண்ணை மூடிய பிறகு, அதில் அடிபட்டவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.'