நண்டுக்கு எத்தனை கால்?

மீஞ்சூரில் அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. பிரவீன் சார் பலகையில் எழுதினார்: “கூடையில் நண்டும் இறாலும் இருக்கின்றன. நண்டு எத்தனை? தகவல் ஒன்று: இரண்டும் சேர்த்து முப்பது. தகவல் இரண்டு: மொத்தம் முந்நூறு கால்கள். விடை காண இவை போதுமா?”

“போதும் சார்! தெரியாதது ரெண்டு, தகவலும் ரெண்டு!” என்றான் முதல் பெஞ்சு ராஜேந்திரன்.

“வெரி குட்!”

“போதாது சார்” என்றாள் கடைசி பெஞ்சு அம்மணி.

ராஜேந்திரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “இவங்களுக்கு இன்னா சார் தெரியும்?”

“கொடுக்கையும் சேத்தா நண்டுக்குப் பத்து கால். இறாலுக்கும் நடக்குற காலு பத்து. கூடையில எத்தனை நண்டு இருந்தாலும் முந்நூறுதான் வரும் சார்.”

சார் செல்போனில் தேடிப் பார்த்தார். பலகையை அவசரமாக அழித்தார்.

“ராஜேந்திரா, அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுப்பா.”

“சாரி மேடம்.”

“நீங்க எந்த ஊரும்மா?”

“தோணிரேவு சார்.”

“அட, ராஜேந்திரனும் அந்த ஊருதானே! பழக்கமில்லையா?”

“ரெண்டு புள்ள பெத்துக்கினோம், பழக்கமில்லாமயா? பத்து வருஷமா நண்டு புடிக்கிறாரு சார் என் வூட்டுக்காரரு. ‘உனக்குக் கணக்கு வராது, கிளாஸுல என் பொண்டாட்டினு சொல்லிக்காதே, மானம் போயிடும்’னு சொல்லித்தான் கூட்டினு வந்தாரு.”