நெடி இல்லாத மிளகாய்

அவன் முகத்துக்கு மூன்று முறை சுற்றினாள்.

முகம் கைபேசிக்குள் இருந்தது. கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தாள்.

அவள் புருஷன் இருப்பது சிலி நாட்டில், ஒரு செப்புச் சுரங்கத்தில். இங்கே விளக்கு வைக்கும் நேரம். அங்கே காலை. தை பிறந்ததிலிருந்து காய்ச்சல். எத்தனையோ ஊசி போட்டாயிற்று. சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. செத்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

கிளம்பும்போது என்ன பேச்சுப் பேசினான்!

"மிளகா பேரு வச்ச நாடு பவுனு. இங்கிலீசுல ரெண்டுக்கும் ஒரே பேருதான். அங்க எவன் கண்ணு நம்ம மேல படும்?"

பட்டுவிட்டதே.

அவள் உள்ளங்கையில் கல் உப்பு, தெருமண், வற்றல் மிளகாய். துப்பச் சொன்னாள். படுத்தபடியே திரையைப் பார்த்துத் துப்பினான். எல்லாவற்றையும் கங்குச் சட்டியில் போட்டாள்.

உப்பு வெடித்தது. மிளகாய் கருகியது.

நெடி இல்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை.

நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்திருக்கிறது. இப்போது கழிந்துவிட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கைபேசியில் யாரோ இருமினார்கள்.

அவன் வாய் மூடியிருந்தது.

"யாருங்க பக்கத்துல?"

"எல்லாரும் சுரங்கத்துக்குப் போயாச்சு. நான் மட்டுந்தான் கெடக்கேன். ஏன்?"

மறுபடியும் இருமல். அவன் தலையணைக்குப் பின்னால் இருந்து. மிளகாய்ப் புகை நெஞ்சில் ஏறினால் வரும் கமறல். அவன் காதில் அது விழவே இல்லை.

டப்பாவில் மிச்சமிருந்த மிளகாயை அப்படியே சட்டியில் கவிழ்த்தாள்.

இருமல் மூச்சுத் திணறலாயிற்று. அவனுக்குப் பின்னால் கதவு படாரென்று திறந்தது. கட்டில்மேல் வெயில் விழுந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். தானாகவே.

"பசிக்குது பவுனு."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை சாமியைக் கும்பிட்டிருப்பாள்.

"சாப்பிடுங்க. மொதல்ல போய்ச் சாப்பிடுங்க."

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், பாத்திர அலமாரி ஓரத்தில், அதே இருமல்.

கைபேசியை அணைத்தாள்.

எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"இங்கயே கெட," என்றாள்.