பிள்ளையார் இருந்த இடம்

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் குணாளன், வேர்டு கோப்புகளில் உள்ள படங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றிவிடும் மென்பொருள் ஒன்றை வாங்கி, சோதித்துப் பார்க்கத் தன் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தார். டீ குடிக்கப் போன இடத்தில் அதை மறந்தும் போனார். தனபாக்கியம் வீட்டுப் பத்திரிகையில், பிள்ளையார் இருந்த இடத்தில் குணாளன் உட்கார்ந்துகொண்டார். தாய்மாமன் பெயரையும் மச்சான் படிப்பையும் நாலு பேர் சரிபார்த்தார்கள். பிள்ளையாரை யார் சரிபார்க்கிறார்கள்?

முதல் பத்திரிகையைப் பூஜையறையில் வைத்து நாள் தவறாமல் விளக்கேற்றிய தனபாக்கியம், புதுக் கண்ணாடி வந்த பிறகுதான் உற்றுப் பார்த்தாள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். படத்தின் நெற்றி நிறையக் குங்குமம். குணாளனுக்குத் தலை நிமிரவில்லை.

"வேற அடிச்சுத் தர்றேன்க்கா."

"ஊர் பூராக் குடுத்தாச்சே. எம் பொண்ணுக்கு ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு, தம்பி. இதாவது நிக்கணும்னு நெதமும் உங்களத்தான் கும்பிட்டிருக்கேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பிள்ளையார்கிட்டப் போறது? நீங்களே நடத்திக் குடுத்துருங்க."

கும்பிட்டுவிட்டுப் போனாள். கூசிப்போன குணாளனின் வலக்கை, ஆசீர்வாதம்போல் தானாக மேலே எழுந்தது. இன்னும் இறங்கவில்லை. கல்யாணம் வரும் வெள்ளிக்கிழமை. இப்போதைக்குக் கேட்பவர்களிடம் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு, இடக்கையால்தான் தட்டச்சு செய்கிறார்.